ரேணுகா அக்கா வலம் வந்த வரிசை

செய்தி வந்தபோது நான் பேருந்தில் இருந்தேன். கைப்பேசியில் தெரிந்தது, என்னோடு வேலை பார்க்கும் ரேணுகா அக்காவின் பெயர்தான். எடுத்தவுடன், "வாரேன்க்கா, மாட்டுத்தாவணி தாண்டிட்டேன்" என்றேன். மறுமுனையில் ஓர் ஆண் குரல். "நான் ரேணுகாவோட தம்பி பேசுறேன்மா. அக்கா காலையில தவறிட்டாங்க. தலையில ரத்தக்கசிவுன்னு சொல்றாங்க." நான் "சரிண்ணே" என்றேன். திருநகர் நிறுத்தத்தில் வழக்கம்போல இறங்கி, அலுவலக மாடியேறி, கணினியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். இயக்குநர் வந்து, "நீ ஏம்மா இங்க இருக்க?" என்று கேட்ட பிறகுதான் அழுகை வந்தது.

அக்கா வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். துக்கத்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் அந்த மொழியிலேயே சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நான் ஓரமாக நின்றிருந்தேன். யாரோ என்னைக் காட்டிச் சொல்ல, அக்காவின் அம்மா நிமிர்ந்து பார்த்து, தமிழில் கேட்டார். "நீதானா அந்தச் சண்டைக்காரி?"

அலுவலகத்தில் என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. தேநீர் வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன். என்னைப் போய்ச் சண்டைக்காரி என்று அக்கா வீட்டில் சொல்லியிருக்கிறார். பெருமையாகச் சொன்னாரா, சலிப்பாகச் சொன்னாரா? அவர் அம்மாவிடம் அதைக் கேட்கும் நேரமா அது?

அவரை அறிந்த உங்களில் பலருக்கு எங்கள் சண்டை நடந்த இடம் தெரியாது. எங்கள் ஆவண மையத்தின் வேலை, மதுரையைச் சுற்றியுள்ள கோயில்களில் இருக்கும் பழைய சுவரோவியங்களைப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, விவரம் எழுதி, இணையத்தில் ஏற்றுவது. அந்த இணையத் தொகுப்பைக் கட்டியவர் அக்கா. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். திருவாதவூரிலிருந்து வந்து சேர்ந்த முதல் வாரம், ஒரு விவரத்தில் தவறு இருந்ததைக் கண்டேன். அதை எழுந்து சொல்லப் பயந்து, படத்தின் பதிவில் இருந்த 'குறிப்பு' என்ற கட்டத்தில், 'இது கிளி இல்லை, மயில் என்று தோன்றுகிறது' என்று தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சற்று நேரத்தில் அதே கட்டத்தில் பதில் வந்தது. 'கண் டாக்டரைப் பார்க்கவும். ரே.' அவர் மேசை எனக்கு எதிரிலேயே இருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று தொடங்கியதுதான். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு குறிப்புக் கட்டத்தில் சண்டை போடுவோம். யாருக்கும் கேட்காது. மதியம் ஒன்றாகச் சாப்பிடுவோம். மெல்ல மெல்ல, அவரிடம் மட்டும் எனக்கு வாயும் திறந்தது.

போன வருடம், செயற்கை நுண்ணறிவு உதவியாளரை எங்கள் தொகுப்போடு இணைக்கும் வேலை வந்தது. ஆராய்ச்சியாளர்கள் பேசுவதுபோலக் கேட்டால், அது எங்கள் பதிவுகளைத் தேடிப் படித்து, பட எண்ணோடு பதில் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடிபடவில்லை. அக்கா இப்படி விளக்கினார்: "நம்ம வீட்டுக்கு ஒரு சன்னல் திறந்து விடுறோம் புள்ள. மாப்ள எட்டிப் பார்க்கலாம், பார்த்ததைச் சொல்லலாம். எதையும் எடுத்து மாத்தி வைக்கக் கூடாது." அந்த உதவியாளருக்கு அவர் வைத்த பெயர் மாப்ள. சரியான பதில் வந்தால் "சபாஷ் மாப்ள" என்பார். இல்லாததை இருப்பதாகச் சொன்னால் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, "எங்க பார்த்த அதை? எங்க பார்த்தன்னு கேக்குறேன்ல?" என்று திரையை அதட்டுவார்.

முதல் வெள்ளோட்டத்தை இயக்குநர் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் முன்னால் வைத்தார். பேராசிரியர் ஒரு தூண் ஓவியத்தைப் பற்றிக் கேட்டார். பெரிய திரையில் பதில் வந்தது. 'இந்தப் படத்தில் இருப்பது மயில் என்று ஒரு குறிப்பு உள்ளது. அதை எழுதியவர் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று மற்றொரு குறிப்பு பரிந்துரைக்கிறது.'

குறிப்புக் கட்டத்தையும் சேர்த்துத் திறந்து விட்டோம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. எங்களைப் பொறுத்தவரை அது பதிவே இல்லை, பேச்சு. இயக்குநர் முகம் சிவந்து, "இது யாரு வேலை?" என்றார். "ரெண்டு பேரும்தான் சார்" என்றார் அக்கா. "மாப்ள பொய் சொல்லல." பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "சரி, கிளியா மயிலா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியும். என் வாய் திறக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரே, "மயில்தான் சார். இவதான் கண்டுபிடிச்சா" என்றார். அதுவரை என்னிடம் ஒரு முறைகூட அவர் அதை ஒப்புக்கொண்டதில்லை.

அன்றே இயக்குநர் உத்தரவு போட்டார். குறிப்புக் கட்டம் இனி உதவியாளரின் கண்ணில் படக் கூடாது. பதிவு சொல்வதை மட்டும் அது சொன்னால் போதும். பின்னால் வந்த குழப்பம் எல்லாம் அங்கேதான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது. பதிவில் நாங்கள் எதை எழுதுகிறோமோ, அதை அது எல்லாருக்கும் தயங்காமல் சொல்லும். குறிப்பில் நாங்கள் தயங்கியது அதற்குத் தெரியாது.

வைகைக்கு வடக்கே ஒரு சிறு கோயிலின் கருவறை வெளிச்சுவரில் ஐந்து ஓவியங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. படம் எடுத்தவர் அக்கா, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே. ஒரு நாள், அந்த ஓவியங்கள் சொல்லும் கதை என்ன என்று உதவியாளரிடம் கேட்டேன். அது எண் வரிசையில் சொல்லிக்கொண்டு போனது. ஒரு தாய் இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாள். தாய், தந்தை, குழந்தை மூவரும் குளக்கரையில் நடக்கிறார்கள். குளத்தருகே அவள் தலைமுடியை விரித்தபடி தனியாக நிற்கிறாள். கணவனும் மனைவியும் ஒரு துறவியை வணங்குகிறார்கள். கடைசியில் இருவரும் வெறுங்கையோடு சன்னதியில் கைகூப்புகிறார்கள்.

அது சொன்னது பிள்ளையைப் பறிகொடுத்த கதை. நான் அந்தக் கதையை எப்போதும் மறுபுறமிருந்துதான் பார்த்திருந்தேன். பிள்ளையில்லாதவர்கள் வேண்டுகிறார்கள், துறவி வழி சொல்கிறார், அவள் குளத்தில் முழுகி எழுகிறாள், பிள்ளை கிடைக்கிறது. பழைய வழக்கப்படி, 'கதை தலைகீழ்' என்று குறிப்பில் தட்டினேன்.

அக்கா எழுந்து வந்தார். சாப்பாட்டு மேசையின் நடுவில் தண்ணீர் கேனை வைத்தார். "சாமி இங்க. நான் கேமராவோட இப்படி வாரேன். சுவரு என் சோத்துக்கைப் பக்கம்." மேசையைச் சுற்றத் தொடங்கினார். பாதியில் நின்று, சுவரைப் பார்ப்பதுபோலத் திரும்பினார். "அடடே. சுவரப் பார்த்து நின்னா, வலது ஓரத்துப் படம்ல எனக்கு முதல்ல வருது! எண்ணை நான் போடல புள்ள, என் காலு போட்டிருக்கு."

கோயிலில் வலமாகத்தான் சுற்றுவோம். அவரும் அப்படியே சுற்றிக்கொண்டே படம் எடுத்து, எடுத்த வரிசையிலேயே எண் கொடுத்திருக்கிறார். தவறு தெரிந்துவிட்டது, திருத்திவிடலாம் என்று நான் நினைத்தேன். அக்கா மேசையருகே அப்படியே நின்றார். "ஆனா ஏன் திருத்தணும்? வரைஞ்சவன் யாருக்கு வரைஞ்சான்? கும்பிட வாரவங்களுக்குத்தானே? அவங்க என்னய மாதிரித்தானே வலம் வருவாங்க?"

"படத்துக்குக் கீழ எழுத்து இருந்திருக்குக்கா. எழுத்து இடமிருந்து வலமாத்தானே போகும்? படமும் அப்படித்தான் போகும்."

"எழுத்துல என்ன இருந்துச்சு?"

"சுண்ணாம்பு அடிச்சுட்டாங்களே."

"அப்ப நீயும் கண்டதில்ல, நானும் கண்டதில்ல."

நேரில் பார்த்துவிடலாம் என்று இருவரும் அந்தக் கோயிலுக்குப் போனோம். நான் என் வரிசைப்படி பார்க்க, இடமாக நடந்தேன். காவல்காரர் பதறிப்போய், "ஏ பாப்பா, எதுக்கு இடமாச் சுத்துற? வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கத்தினார். கூசிப்போய் நின்றுவிட்டேன். அக்கா, "நீ உக்காரு, உன் கதையை நான் பார்த்துட்டு வாரேன்" என்றார். என் வரிசையில் முதல் படத்தைப் பார்த்தார். அடுத்த படம் கைக்கெட்டும் தூரத்தில் பின்னால் இருந்தது. பின்னால் ஓர் அடி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. முன்னால் நடந்து, கோயிலை முழுச் சுற்று வலம் வந்து, அந்தப் படத்தின் முன் நின்றார். அதற்கடுத்த படத்துக்கு இன்னொரு சுற்று. காவல்காரர் என்னிடம், "என்ன வேண்டுதல்?" என்று மெதுவாகக் கேட்டார். "எனக்கும் தெரியலண்ணே" என்றேன்.

வியர்வையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார் அக்கா. "எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கதை நிக்குது புள்ள. அதான் வம்பு." ஓவியத்து முகங்கள் எல்லாம் எதிரே நிற்கும் நம்மையே பார்க்கின்றன. குளத்துக்குப் போகிறார்களா, திரும்புகிறார்களா என்று பாதங்களைப் பார்த்தால் தெரியும். பாதங்கள் சுண்ணாம்புக்குள் இருக்கின்றன.

நான் விடவில்லை. "எந்தக் கோயில்லக்கா புள்ளயத் தொலைச்ச கதையை வரைவாங்க?"

"தொலைச்சவங்க வரைய வைப்பாங்க" என்றார்.

அவர் அதைச் சொன்ன விதத்தில் விளையாட்டு இல்லை. யாரை நினைத்துச் சொன்னார், யாரையும் நினைக்காமலே சொன்னாரா, தெரியாது. துக்க வீட்டில் அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எந்த உரிமையில் கேட்பது?

தொகுப்பைப் பொதுமக்களுக்குத் திறந்து விடும் நாள் நெருங்கியது. அந்தக் கோயிலைத் தொகுப்பின் முகப்பில் வைக்க வேண்டும் என்பது இயக்குநரின் விருப்பம். அதனால் ஒரே வரிசையை முடிவு செய்யச் சொல்லியிருந்தார். கடைசியாக அக்காவைப் பார்த்த சனிக்கிழமை, பேருந்து நிறுத்தத்தில் சொன்னார்: "திங்கக்கிழமை சார் முன்னாடி நீ உன் பக்கத்தைச் சொல்லு, நான் என் பக்கத்தைச் சொல்றேன். ஆனா வாயால சொல்லணும். எழுதிக் குடுத்தா நான் ஜெயிச்சதா அர்த்தம்."

"எனக்குப் பேச வராதுக்கா."

"என்கிட்ட மட்டும் எப்படி வருதாம்?"

"நீங்க கோபப்படுத்துறீங்க."

"அம்புட்டுத்தானா? சாரையும் உன்னயக் கோபப்படுத்தச் சொல்றேன்."

அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் அவர் தம்பி அழைத்தார்.

தள்ளிவைத்த கூட்டம் பிறகு நடந்தது. இயக்குநர் நல்லவர். எனக்கு உதவுவதாக நினைத்துத்தான் தொடங்கினார். "பாண்டிச்செல்வி, நீ சிரமப்பட வேண்டாம்மா. உன் வரிசையையே வச்சுருவோம். பிள்ளை கிடைச்ச கதைன்னா பார்க்கிறவங்களுக்கும் சந்தோஷம். மறுப்புச் சொல்ல இனி ஆளும் இல்ல."

நான் சொன்னதுதான் நிலைக்கப் போகிறது. வாயைத் திறக்காமலே. தலையை ஆட்டினால் போதும். உதவியாளர் நாளை முதல் கேட்கிறவர்களுக்கெல்லாம் என் கதையை, வேறொன்று இருந்ததே இல்லை என்பதுபோலச் சொல்லும். நானும் அதைத்தானே விரும்பினேன்? பிறகு ஏன் எழுந்து நின்றேன் என்று இன்னும் விளங்கவில்லை.

"சார், அக்கா சொல்றது என்னன்னா" என்று தொடங்கினேன். சொல்கிறார் என்றே வந்தது. வலம் வருகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். கும்பிட வருகிறவர்களுக்காகத்தான் வரைந்தான் என்று சொன்னேன். தொலைத்தவர்கள் வரைய வைப்பார்கள் என்றும் சொன்னேன். அந்த அறையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் முறை. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப நீ எந்தப் பக்கம்மா? உன் வரிசை தப்புங்கிறியா?"

"இல்ல சார். என்னோடதுதான் சரின்னு நினைக்கிறேன்."

"அப்புறம்?"

"தெரியல சார். ஆனா அவங்களோடதும் இருக்கணும்."

கடைசியில், வரிசை உறுதியாகத் தெரியவில்லை என்று பதிவிலேயே எழுதி, இரண்டு கதைகளையும் தருவது என்று முடிவானது. உதவியாளரிடம் கேட்டுப் பார்த்தேன். வரிசை உறுதியில்லை என்று முதலில் சொன்னது, பிறகு இரண்டு கதைகளையும் சொன்னது. எந்தக் கதையை மேலே வைப்பது என்று நான்தான் இன்னும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். சில நாட்களில் அக்கா சொன்னதே சரி என்று படுகிறது. அவர் இல்லாததால் அப்படிப் படுகிறதா என்று சந்தேகம் வருகிறது. இருந்திருந்தால் இந்நேரம் நன்றாகச் சண்டை போட்டிருப்போம். எதிரில் உள்ள மேசையைப் பார்த்துச் சண்டை போட முடியவில்லை.

அக்கா எழுதிய நிரல்கள் மையத்துக்குச் சொந்தம். எடுத்த படங்கள் தொகுப்பில் இருக்கின்றன. எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான், நான் ஏற்றுக்கொள்ளாத ஒரு கருத்து. போன வாரம் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "கோயில்ல போய் இப்படியெல்லாம் வரைவாங்களா?" என்று சிரித்தார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, சண்டைக்கு எழுந்தேன்.