ரேடியேட்டருக்குள் கூழ்

கடைத்தெருவில் அந்த மெக்கானிக்குப் பெயர் பாய்லர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அவர் கையால் அடி வாங்கியவர் இல்லை. ஸ்பேனரை வீசி ஒரு பெயிண்டரின் புருவத்தைக் கிழித்தவர் அவர். நட்டு கழலவில்லை என்று சொந்தக் காரின் கண்ணாடியையே சுத்தியலால் நொறுக்கியவர். எல்லோரையும்விட அதிகம் வாங்கியவன் மனைவியின் தம்பி. கல்யாண வயது தாண்டியும் அக்காள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, மாமாவின் பட்டறையில் வேலை பார்த்தான். முன்பல் ஒன்றை இழந்ததும் அங்கேதான்.

போன மாதம் மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவை என் தம்பி மேல கை வச்சீங்கன்னா, அவனைக் கூட்டிக்கிட்டு நான் போயிடுவேன். அப்புறம் சுவத்தை அடிச்சுக்கிட்டு உக்காந்திருங்க."

சொன்னால் செய்கிறவள் அவள். பாய்லர் உள்ளுக்குள் ஆடிப்போனார். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அன்றிலிருந்து மச்சினனோடு பேசும்போதெல்லாம் கையை பேன்ட் பையில் விட்டுக்கொண்டார்.

ஒரு நாள் மதியம் ஒரு டாக்சியைக் கட்டி இழுத்துவந்து பட்டறை வாசலில் விட்டார்கள். இறங்கிய டிரைவரின் முன்கை முழுக்கக் கொப்புளம். வழியில் எஞ்சின் கொதித்து நின்றிருக்கிறது. பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறார். கொதிநீர் பீறிட்டு அடித்துவிட்டது.

"நேத்துதான்டா உங்ககிட்ட கூலன்ட் மாத்துனேன்! என்ன எழவை ஊத்துனீங்க?" என்று கத்தியபடி டிரைவர் ஜாக்கிக் கம்பியை ஓங்கி வீசினார். மேசை விளக்கு தூள் தூளானது. அடுத்த வீச்சு பாய்லரின் தோளில் இறங்கியது. பாய்லர் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ரேடியேட்டரை எட்டிப் பார்த்தார். உள்ளே எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட் தண்ணீர் இல்லை. பழுப்பு நிறத்தில் கெட்டிக் கூழ்.

'ஆயில் கலந்திருக்கு' என்று மனம் தீர்ப்பு எழுதிவிட்டது. ஆயில் ஊற்றிய புனலைக் கழுவாமல் மச்சினன் இதற்கும் வைத்திருப்பான். வேறென்ன?

"மாமா, ஒரு நிமிஷம், ஆயில் கம்பியை உருவிப் பாத்துட்டு..."

அவன் முடிக்கவில்லை. ஸ்பேனர் அவன் தாடையில் இறங்கியது. விழுந்தவனின் விலாவில் உதைத்தார். எழுந்தவனின் தலையைப் பிடித்து பானட்டில் மோதினார். அடிக்க வந்த டிரைவரே பயந்துபோய், "விடுங்கண்ணே, செத்துருவான்!" என்று பாய்லரை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இங்கே புத்தி மொத்தமாகவே விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தது.

மூச்சு வாங்க நின்றபோதுதான் பழக்கதோஷத்தில் எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். சுத்தமான ஆயில், தண்ணீர் கலந்தால் வரும் வெண்மை துளியும் இல்லை. கூழை எடுத்துப் பழைய செய்தித்தாளில் தடவினார். எண்ணெய் என்றால் பொட்டு விரிந்து தாள் கண்ணாடியாகும். இது அப்பிய இடத்திலேயே பசையாக நின்றது. விரலில் தேய்த்தார், வழுக்கவில்லை. ஆயில் இல்லை. ஒத்துக்கொள்ளாத இரண்டு கூலன்ட் கலந்து திரிந்த கூழ். அது ரேடியேட்டர் குழாய்களை அடைத்திருக்கிறது.

பாய்லருக்கு முகம் வெளிறியது. யாருடைய வேலையையும் நம்பாதவர் அவர். சாயங்காலம் எல்லா வண்டிகளையும் ஒரு சுற்று சுற்றி, முறுக்கிய நட்டை மறுபடி முறுக்குவார், குறைந்ததை ஊற்றுவார். நேற்று இந்த டாக்சியில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. கைக்கு எட்டிய சிவப்பு கூலன்ட் கேனைச் சரித்தார். கலரெல்லாம் கம்பெனிக்காரன் பண்ணும் தந்திரம் என்பது அவர் கட்சி.

"நான் சிவப்பு ஊத்துனதை நீ பாத்தியா?"

மச்சினன் ரத்தத்தைத் துப்பினான். "பாத்தேன் மாமா."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா அடிப்பீங்களேன்னு."

பாய்லர் டயர் மேல் உட்கார்ந்தார். அவமானத்தில் காது எரிந்தது.

சாப்பாட்டு கேரியரோடு மனைவி வந்தது அப்போதுதான். தம்பியின் முகத்தைப் பார்த்தாள், கீழே கிடந்த ஸ்பேனரைப் பார்த்தாள். கேரியரை மேசையில் வைத்தாள்.

"அவன் மேல தப்பில்லை. தப்பு என்னுது," என்றார் பாய்லர். கல்யாணமாகி அவர் வாயிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை.

"அவன் மேல தப்பு இருந்திருந்தா இது சரியாயிடுமா?"

அவள் தம்பியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் நொண்டி நொண்டி நடந்தான். தெருமுனையில் வீட்டுப் பக்கம் திரும்பாமல், பஸ் நிற்கும் பக்கம் திரும்பினார்கள்.

பாய்லர் வேறென்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து, ரேடியேட்டரைக் கழுவத் தண்ணீர்க் குழாயை எடுத்தார். டிரைவர் குறுக்கே வந்து நின்றார்.

"முதல்ல கையைக் கழுவுங்கண்ணே. அந்த ரத்தத்தோட என் வண்டியைத் தொடாதீங்க."