பேர் வெட்டாத ரேடியோ

விழுப்புரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் இருந்தது. யார்டில் என்ஜின் புகை விட்டால் கரி நேராக எங்கள் கூடத்தில்தான் வந்து இறங்கும். காயப்போட்ட வேட்டி, மூடாமல் வைத்த மோர், தலையில் வைத்த பூ எதுவும் தப்பாது. அந்த வீட்டில் கரி படாத சாமான் ஒன்றே ஒன்றுதான். என் நைனா எனக்குச் சீராகக் கொடுத்த ரேடியோ. கரி படாமல் பார்த்துக்கொண்டவள் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நைனாவுக்குத் திண்டிவனம் பக்கம் கொஞ்சம் புஞ்சை. மல்லாட்டையும், அதுதான் வேர்க்கடலை, கேப்பையும் போடுவார். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசில் அரசாங்கம் வைத்த ரேடியோ ஒன்று இருந்தது. சாயங்காலம் ஆனால் ஒலிபெருக்கியில் பாடும். ஆம்பிளைகள் முன்னால் உட்கார்ந்து கேட்பார்கள். நான் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடி பின்பக்கச் சுவரோரமாக நின்று கேட்பேன். பாட்டு முடிகிறவரை வீட்டு நினைப்பே வராது. நைனா இதை எப்போதோ பார்த்திருக்கிறார், என்னிடம் சொன்னதில்லை. எனக்குக் கல்யாணம் கூடிய வருஷம் மல்லாட்டை நன்றாகக் கண்டது. அத்தனையும் ஒரு ரேடியோவுக்குள் போனது. மாப்பிள்ளை வீட்டார் ரேடியோ கேட்கவே இல்லை. "அவ நின்னுக்கினு கேட்டது போதும்" என்று என் அம்மாவிடம் சொன்னாராம்.

சீர்ப் பாத்திரங்களைத் திண்டிவனம் கடைத்தெருவில் வாங்கி, அங்கேயே பேர் வெட்டினார்கள். சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டி, நைனாவின் இனிஷியலும் என் பேரும். அண்டாவிலிருந்து டம்ளர் வரைக்கும் ஒன்றுவிடாமல். பேர் வெட்டிய சாமான் புகுந்த வீட்டிலும் பெண்ணுடைய சாமான்தான். அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க யாருக்கும் கை வராது. ரேடியோ வாங்கிய கடையிலும் நைனா இதையே கேட்டிருக்கிறார், பின்பக்கமாவது வெட்டித் தரமுடியுமா என்று. கடைக்காரர் சிரித்துவிட்டார். நைனா அதை மறைக்காமல் சம்பந்தி வீட்டில் சொல்லப்போக, என் மாமியாருக்கு நல்ல வேடிக்கை கிடைத்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "எங்க சம்பந்தி ரேடியோவையும் குண்டான்னு நெனச்சிக்கினாரு." நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். புது மருமகள் வேறென்ன செய்வாள்.

ரேடியோவைக் கூடத்து மூலையில் ஒரு மேஜைமேல் வைத்தார்கள். வைத்த நாளிலிருந்து அதற்கு நடந்த உபசாரம் பிள்ளை பெற்றவளுக்குக்கூட நடந்ததில்லை. முதலில் மெல்லிய மல் துணி, அதன்மேல் அளவெடுத்துத் தைத்த உறை, அதற்கும் மேலே பூவேலை போட்ட விரிப்பு. விரிப்பு என் கைவேலை. என் கல்யாணத்து அரக்குப் பட்டு ரவிக்கையைப் பிரித்துத் தைத்தேன். திருகுகளில் விரல் அழுக்கு ஒட்டக்கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிக் குல்லாய். பாச்சை புகாமலிருக்கப் பின்பக்கம் அந்துருண்டை. காலையில் குளித்துவிட்டு, கையை நன்றாக ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, முகப்பு வலைத்துணியை என் வீட்டுக்காரரின் பழைய சவர பிரஷால் தட்டுவேன். மரத்துக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். மிஞ்சினால் கரி ஒட்டிக்கொள்ளும். வெயில் பட்டால் மரம் வெளுக்குமென்று அந்தப் பக்கத்து ஜன்னலையே மாமியார் ஆணியடித்து மூடவைத்தார். நாங்கள் புழுக்கத்தில் வெந்தோம், ரேடியோ வெளுக்கவில்லை. ஆயுதபூஜைக்கு அம்மிக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டு உண்டு. ரேடியோவில் சந்தனம் கறை பிடிக்குமல்லவா, அதனால் உறைமேல் ஒரு காகிதத்தை வைத்து அந்தக் காகிதத்துக்குப் பொட்டு வைப்போம்.

இவ்வளவும் செய்தீர்களே, அது பாடியதா என்று கேட்டால் பாடவில்லை. வால்வு எரிய எரிய ஆயுசு குறையும் என்பது மாமியாரின் கட்சி. விருந்தாளி வந்தால் மட்டும் ஒவ்வொரு துணியாகக் கழற்றி ஸ்விட்சைப் போடுவார். பச்சை விளக்கு எரியும். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தக் காலத்து ரேடியோ சூடேறித்தான் பேசும். தொண்டையைக் கனைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும்போதே "பாத்தாச்சில்ல" என்று நிறுத்திவிடுவார். வெளியே கட்டியிருந்த ஏரியலையும், இடி இறங்குமென்று எப்போதோ அவிழ்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. ஊர் சாமானையெல்லாம் உடையாமல் அனுப்பிவைக்கிற மனுஷன், வீட்டில் வாயைத் திறந்ததில்லை.

பொங்கலுக்குப் பொங்கல் நைனா சீர் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். சாப்பிட்டுவிட்டு ரேடியோவுக்கு எதிரே போய் உட்காருவார். போடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார். பெண் கொடுத்த வீட்டில் அதைக் கேட்க அவருக்குக் கூச்சம். ஒரு வருஷம் வோல்டேஜ் கம்மி என்றார் மாமியார். இன்னொரு வருஷம் வால்வு மாற்ற வேண்டும் என்றார். நைனா தலையாட்டிவிட்டு, உறையைப் பார்த்தபடியே வெற்றிலை போட்டு முடித்துக் கிளம்பிவிடுவார். வழியனுப்ப வாசலுக்குப் போனால், "பாடுதாம்மா?" என்று மட்டும் கேட்பார். பாடுது நைனா என்பேன். நானும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து அதில் ஒரு பாட்டாவது கேட்க வேண்டும். அந்த வீட்டில் எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான். இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிறவள் கையில் ஒருநாள் மாமியார் தானாகவே விட்டுவிடுவார் என்று நம்பினேன். சரியான அசடு நான்.

என் மூத்த நாத்தனாருக்கு வரன் கூடியது. மாப்பிள்ளை திருக்கோவிலூர்ப் பக்கத்து வாத்தியார். பேசி முடிக்க வந்தவர்களுக்கு நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். சீர் பற்றிப் பேச்சு வந்ததும் மாமியார், "ரேடியோ இருக்குதுங்க, புதுசு. பெட்டியோட இருக்குது" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மகளுக்கு வேறு ரேடியோ வாங்கி வைத்திருக்கிறார் போல, இனிமேல் நம்முடையதைப் பாடவிடுவார் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அவர்கள் போனதும், பரண்மேல் இருக்கும் அட்டைப்பெட்டியை இறக்கச் சொன்னார். கடையிலிருந்து ரேடியோ வந்த பெட்டி அது. உள்ளே அடைத்திருந்த வைக்கோலை வருஷா வருஷம் சித்திரை வெயிலில் காயவைத்துத் திரும்ப அடைத்ததும் நான்தான். எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. பெட்டி கூடத்துக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். அம்மா சொல்வதில் தப்பில்லை, நாம் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றார் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே. வாங்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பிறகு மாமியாரிடமே போய்க் கேட்டேன், அது எங்க நைனா எனக்குக் கொடுத்ததாயிற்றே என்று. அவர் கோபப்படவில்லை, சிரித்த முகமாகவே பேசினார்.

"உன் அண்டாவ கேட்டனா, குடத்த கேட்டனா? அதுல உன் பேரு இருக்குது, அது உன்னுது. ரேடியோ வூட்டு சாமான்."

ஒரு கீறல் போட்டிருந்தால் போதும். சுடச்சுட ஒரு டம்ளரை அதன் தலையில் வைத்து வட்டமாகக் கறை பிடிக்க விட்டிருந்தால், திருகில் நாலு நாள் எண்ணெய்க் கையை வைத்திருந்தால், அது என்னோடு இருந்திருக்கும். அழுக்கான சாமானை எந்தச் சம்பந்தியும் சீராக ஏற்றுக்கொள்ளமாட்டான். நானோ கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி துடைத்து வைத்து, கடைசியில் என் கையாலேயே வைக்கோல் அடைத்துக் கட்டிக்கொடுத்தேன். என் பட்டு விரிப்பும் அதோடு போயிற்று.

கல்யாணத்துக்கு நைனா வந்திருந்தார். நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. பந்தலில் சீர் வரிசையைப் பரப்பி வைத்திருந்தார்கள். எல்லோரும் பார்க்கிற மாதிரி அவரும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ரேடியோ முன்னால் நின்றார். விரிப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அந்தப் பட்டு அவர் எடுத்துக் கொடுத்தது. பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்லா புதுசாவே வச்சிக்கினு இருந்திருக்கம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

சாப்பாடு முடிந்து பஸ் ஏறப் போகிறபோது, "ஒரு தடவையாச்சும் பாடிச்சா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பொய் வரவில்லை. இல்லை நைனா என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அந்த ஐப்பசியில் நாத்தனார் வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்காகப் போனோம். ரேடியோ காலையிலிருந்து பாடிக்கொண்டே இருந்தது. மேலே உறையில்லை, விரிப்பில்லை. காபி டம்ளர் வைத்த வட்டங்கள், பக்கத்தில் ஒரு எண்ணெய்ச் சீப்பு. நான் என்னையறியாமல் முந்தானையால் அந்த வட்டத்தைத் துடைக்கப் போனேன். நாத்தனார் நல்ல பெண்தான், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசவில்லை. "வுடுங்க அண்ணி, பாடறதுக்குத்தான வாங்கறது" என்றாள். என் ரேடியோவில் நான் முழுதாகக் கேட்ட முதல் பாட்டு அவள் வீட்டில் கேட்டதுதான். என்ன பாட்டு என்று நினைவில்லை.

அடுத்த பொங்கலுக்கு நைனா வழக்கத்தைவிடப் பெரிய சுமையோடு வந்தார். கரும்பும் அரிசியும் போக, பழைய வேட்டியில் சுற்றிய ஒரு சாமான். பிரித்தால் மேஜை மின்விசிறி. அட்டைப்பெட்டியைத் திண்டிவனத்திலேயே போட்டுவிட்டு வந்துவிட்டாராம். மாமியாருக்கு முகமெல்லாம் பல். இருக்காதா, கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மகள் பாக்கி இருந்தாள். விசிறியைத் தூக்கித் தன் பக்கம் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். அடிப்பாகத்தின் நேர் முன்பக்கம், பச்சைப் பெயின்ட் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு என் பேர். பாத்திரத்துக்கு வெட்டுகிற ஆளையே பிடித்து உளியால் வெட்டவைத்திருக்கிறார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. எட்டி நின்றாலே படிக்கலாம்.

"புதுச் சாமான இப்படி பாழாக்கிட்டீங்களே சம்பந்தி" என்றார் மாமியார். "இனிமே இத யாருக்குன்னு குடுக்கறது?"

"அதுக்குத்தாங்க வெட்டினேன்" என்றார் நைனா.

நான் விசிறியை எடுத்து, ரேடியோ இருந்த அதே மேஜைமேல் வைத்து, யாரையும் கேட்காமல் ஸ்விட்சைப் போட்டேன். ஆணியடித்த ஜன்னலுக்குக் கீழே நைனா சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். காற்று அவர் முகத்தில் நன்றாக வீசியது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"இது பாடாது. என்னாம்மா பண்றது" என்றார். நான் இலை போட அடுப்படிக்குப் போய்விட்டேன்.