இடது பக்கம் ஒரு விரற்கடை

காலைப் பூசை முடிந்து வந்த என் தங்கை மேரி, முக்காட்டைக்கூட எடுக்காமல் வாசலில் நின்றாள். "அண்ணே, லூர்துசாமி மேஸ்திரி போயிட்டாராம். நேத்து சாயங்காலம், மார்வலியாம்."

அவரிடம் மோட்டார் வண்டியைப் பழுதுபார்க்க விட்ட உங்களுக்கு அவர் வழக்கம் தெரியும். கோளாறை நாம் சொல்லத் தொடங்கினாலே கையை உயர்த்துவார். "நீங்க சொல்லாதீங்க சார். வண்டி சொல்லட்டும்." பிறகு வாய் திறக்காமல் மூன்று முறை அதைச் சுற்றி வருவார். கன்டோன்மென்ட் துரைமார்களே அந்த மூன்று சுற்றுக்குள் வியர்த்துப் போனதுண்டு.

யுத்த காலத்தில் என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அது கிளம்பினால் கோலார் சுரங்கத்தில் மண் உதிரும். அந்த ரதம் திடீரென்று இடது பக்கம் இழுக்கத் தொடங்கியது. நேராக ஓட்ட எனக்குப் பத்துக் கை தேவைப்பட்டது. இரண்டு பட்டறைகளில் ஸ்டியரிங்கை முறுக்கிக் கொடுத்தார்கள், இழுப்பு நிற்கவில்லை. மேரியையும் அவளுடைய மூன்று பிள்ளைகளையும் ஓசூரில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் மயங்கி விழட்டும் என்று, வண்டிக்கு அடியிலிருந்த ஸ்பிரிங் பட்டைகளுக்குக்கூட நானே கறுப்புப் பெயிண்ட் பூசினேன்.

நான் சொல்லியனுப்பிய மேஸ்திரி புறப்படும் காலையில்தான் வந்தார். பிள்ளைகள் அதற்குள் ஏறிவிட்டார்கள். மூன்று சுற்று முடித்து, ஒரு கயிற்றை எடுத்து, வலது பக்கம் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை அளந்து முடிச்சிட்டார். அதே கயிற்றை இடது பக்கம் பிடித்தார். ஒரு விரற்கடை மிஞ்சியது.

"ஸ்டியரிங் மேல பழி போடாதீங்க சார். இந்தப் பக்கம் முன் அச்சு பின்னால நகர்ந்து கிடக்குது."

குனிந்து, ஸ்பிரிங்கின் பெயிண்டைச் சுரண்டினார். அச்சைப் பிடித்து நிறுத்தும் முதல் பட்டை குறுக்கே வெடித்திருந்தது. வெடிப்புக்குள் பழைய துரு.

"யாரு பெயிண்ட் அடிச்சது?"

"அடியேன்தான்."

"பாடைக்கு ஜோடனை பண்ணிட்டீங்களே சார்."

முந்தின ஞாயிற்றுக்கிழமைகூடப் பிள்ளைகளை அதில்தான் லால்பாகுக்கு அழைத்துப் போயிருந்தேன். இருந்தும் வீம்பு விடவில்லை. "மெதுவாப் போனா ஓசூர் வரைக்கும் தாங்காதா?"

அவர் மேரியைத்தான் பார்த்தார். "அம்மா, பசங்கள இறக்குங்க."

அவள் இறக்கியதும் என்னிடம் திரும்பினார். "இப்ப காம்பவுண்டுக்குள்ளயே ஒரு சுத்து போங்க. கேட்டத் தாண்டாதீங்க."

நடைவேகத்தில்தான் போனேன். கேட்டருகே மழைத்தண்ணீர் அரித்த சின்னப் பள்ளம். இடது சக்கரம் அதில் இறங்கியதும் அடியில் படாரென்றது. ஸ்டியரிங் என் கையை உதறிவிட்டுத் தானாகச் சுழன்றது. அச்சு பின்னால் சரிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் சிக்க, வண்டி மதிலில் மோதி நின்றது. இன்னும் அரைமணி போயிருந்தால் ஓசூர் பாதையில் ஏரிக்கரை மேல் இருந்திருப்போம். அங்கே மதில் கிடையாது.

மேஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டு, கருவிப் பையைத் திறந்தார்.

எதையும் பத்து மடங்கு ஊதிச் சொல்லும் என்னால் இந்தக் கதையை மட்டும் ஊத முடிவதில்லை. லூர்துசாமி மேஸ்திரி எனக்கு விட்டுப் போனது பயம். கலப்படமில்லாத, நல்ல பயம். அதை வைத்துத்தான் இன்றும் வண்டி ஓட்டுகிறேன். மேரியின் பிள்ளைகள் மூவரும் என் பின்சீட்டில் ஜன்னலோர இடத்துக்காக இன்னும் சண்டை போடுகிறார்கள்.