மாசிலாமணி கேட்ட கம்பித்துண்டு

சுசீந்திரத்தில் பஸ் ஏறக் காத்து நின்றபோதுதான் எனக்குச் செய்தி வந்தது. மயிலாடிப் பக்கமிருந்து வந்த வண்டியின் கண்டக்டர் படியில் நின்றபடியே கூப்பிட்டுச் சொன்னான்.

"தாணு அண்ணே, விசயம் தெரியுமா? உமக்க மாசிலாமணி போயிட்டாரு. நேத்து சாயங்காலம் உலைக்கு முன்னால இருந்தவரு அப்பிடியே சாஞ்சுட்டாராம்."

சொல்லிவிட்டு விசில் கொடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சந்தோஷப்படுகிறேனா என்று பார்க்கிறான். அவன்மேல் குற்றமில்லை. அந்த மனிதரால்தான் என் பிழைப்புப் போயிற்று என்று எட்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். என்னைத் தெரிந்த எல்லாருக்கும் மாசிலாமணி என் எதிரி. நான் பஸ்ஸில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

அடக்கத்துக்கு மயிலாடிக் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். அவரைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். ஆகையால் ஒளிக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு அவரை நியாயவான் என்றும் நீதிமான் என்றும் மாறிமாறிப் புகழ்ந்தவர்களில் பாதிப்பேர், உயிரோடு இருந்தபோது 'சூட்டுக்கம்பி மாசிலாமணி' என்று அவரைக் கேலி செய்தவர்கள். கடைசி எட்டு வருஷமும் உங்களில் எத்தனை பேர் அவரை ஒரு விழாவுக்காவது மனமாரக் கூப்பிட்டீர்கள்? ஆனால் உங்களைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது! அந்தக் கேலிக்கு இடம் கொடுத்தவனே நான்தான். கல்லறையில் என்னை யாரும் பேசச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் வாய் வந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். மயிலாடிச் சிற்பிகளுக்கு உளி அடித்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். எந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அந்த வருஷங்களில் நம் வாலிபர்களுக்கெல்லாம் கம்பி வளைக்கிற பைத்தியம் பிடித்திருந்தது. கோயில் கொடையானாலும் சபையில் அசன விருந்தானாலும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கம்பியோடு நிற்பான். வளைத்து முடித்ததும் சண்டை தொடங்கும். என் கம்பிதான் கடினம், உன் கம்பி வெறும் வாழைநார் என்று கைகலப்பு வரைக்கும் போகும். அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கத்தான் மாசிலாமணியைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

அவர் கண்ணால் பார்த்து எதையும் சொல்லமாட்டார். ஒருமுறை பெரிய மனிதர் ஒருவர், "பாத்தாலே உமக்குத் தெரியுமே, சும்மா ஒரு எண்ணைச் சொல்லும்" என்று வற்புறுத்தினார். "கண்ணுக்கு எல்லாக் கம்பியும் கறுப்புதான். கல்லு சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸை முடுக்கத் தொடங்கினார். கம்பியின் நுனியிலிருந்து ஒரு சாண் துண்டை அறுத்து, பாதியை வைஸில் இறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதியில் ஒரு நீண்ட இரும்புக் குழாயைச் செருகுவார். குழாயின் மறுமுனையில் ஒவ்வொரு கல்லாகத் தொங்கவிடுவார். அந்தக் கற்களை ஒரே எடையில், கயிறு கோக்கத் துளையோடு, மயிலாடிச் சிற்பி ஒருவரிடம் சொல்லிச் செய்து வைத்திருந்தார். பக்கத்தில் கோடு போட்ட ஒரு பலகை நிற்கும். குழாய் சாய்ந்து அந்தக் கோட்டைத் தொடும்போது எத்தனை கல் தொங்குகிறதோ, அதுதான் கம்பியின் எண். எட்டுக் கல் கம்பி, பத்துக் கல் கம்பி என்று நாம் பேசினதெல்லாம் அவர் கொடுத்த கணக்கு.

கோட்டாற்றில் ஒரு வெளியூர்ப் பயில்வான் ஆள் உயரக் கம்பியைக் கழுத்தில் வைத்து வளைத்துக் காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். கம்பி கட்டைவிரல் தடிமன். ஜனங்கள் கைதட்டி ஓய்ந்த பிறகு மாசிலாமணி மேடையேறி, அதே கம்பியின் வளையாத நுனியில் ஒன்றரைச் சாண் அறுத்து, "இதையும் ஒருக்கா வளையும் அண்ணாச்சி" என்று நீட்டினார். பயில்வானுக்கு வேர்த்து ஊற்றியதுதான் மிச்சம். கூட்டம் ஊளையிட்டது. மாசிலாமணிக்கு வந்த கோபம் அன்றைக்குத்தான் பார்த்தேன். "எவம்லே ஊளை போடுகது? நீளக் கம்பி நமக்குப் பாதி வேலை செஞ்சு தரும், குட்டைக் கம்பி தராது. அதுக்காவ அவரு செஞ்சது பொய்யா? அதுக்கு ஒரு எண்ணு, இதுக்கு ஒரு எண்ணு. அம்புட்டுதான்" என்றார். பயில்வானைத் தம் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு அனுப்பினார்.

அவர் வைத்திருந்த முறைகள் மூன்று. இப்போது நினைத்தால் மூன்றும் என்னை மனதில் வைத்து ஏற்படுத்தியவை போலத் தோன்றுகின்றன. கம்பியை வளைத்து முடித்த பிறகுதான் கல் தொங்கவிடுவார். "எண்ணு முன்னாலயே தெரிஞ்சா கை பயந்துரும்" என்பார். கல் ஏறும்போது வளைத்தவன் முதுகைக் காட்டி நிற்கவேண்டும். "மொகத்தப் பாத்தா எனக்கு எரக்கம் வந்துரும் வே." கம்பியின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு துண்டு அறுத்து, ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு மற்றதை வளைத்தவன் கையில் கொடுத்துவிடுவார். அது எதற்கு என்று நான் ஒருநாள் கேட்டேன். "நான் தப்பினா என்னப் பிடிக்கதுக்கு உம்ம கையில ஒரு சாட்சி வேண்டாமா?" என்றார்.

அந்தச் சாட்சியை நான் என்ன செய்தேன் என்பதுதான் விஷயம்.

எட்டு வருஷத்துக்கு முன் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டிரில் மாஸ்டர் வேண்டியிருந்தது. பதினாலு கல் கம்பியை வளைக்கிறவருக்கு வேலை என்று மானேஜர் சொல்லிவிட்டார். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். அண்ணன்மாரோடு வயலைப் பங்கு வைப்பதில் தகராறு. மாசம் பிறந்தால் சம்பளம் என்பது எனக்கு மோட்சமாகத் தெரிந்த காலம் அது. பேச்சிப்பாறை அணையின் ஷட்டர் வேலைக்கு வந்து மிஞ்சியது என்று ஒரு காண்டிராக்டர் கம்பி கொடுத்தார். வெள்ளத்தைத் தாங்க வந்த கம்பி லேசாகவா இருக்கும், பதினாலுக்குக் கீழே போகாது என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். போட்டிக்கு வந்த மற்ற மூன்று பேரும் முக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். நான் கையில் சாக்குத்துணி சுற்றி, தொடையில் ஊன்றி, கண் இருட்டிக்கொண்டு வர, லாடம் மாதிரி வளைத்துப் போட்டேன். என்னைத் தோளில் தூக்கினார்கள். டிரில் மாஸ்டர் என்றுகூட ஒருவன் கூப்பிட்டுவிட்டான்.

பிறகு முதுகைக் காட்டி நின்றேன். கல் ஏறுகிற சத்தம் கேட்டது. கூட்டம் எண்ணியது. பதினொன்று என்றதும் குழாய் சாய்ந்துவிட்டது.

"பதினொண்ணு" என்றார் மாசிலாமணி. ஏற்ற இறக்கமில்லாத குரல். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "சந்தேகம்னா உம்ம துண்டைத் தாரும். இப்பமே போட்டுப் பாத்துருவோம்."

எனக்குத் தலைக்கு மேல் வெள்ளம். "உமக்க கல்லும் வேண்டாம், எண்ணும் வேண்டாம்" என்று கத்தி, துண்டை மடியில் செருகிக்கொண்டு நடந்துவிட்டேன். மானேஜர் சொன்ன சொல்லில் நின்றார். இரண்டு மாதம் கழித்து வேறு யாரையோ வேலைக்கு வைத்தார்கள்.

அதற்கு முன்பே மாசிலாமணி என் வீட்டுக்கு வந்தார். மயிலாடியிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. முற்றத்தில் நின்றபடியே சொன்னார். "தாணு, தப்பு எனக்க மேல. போட்டிக்கு முந்தின நாளு நுனி அறுக்கும்போ ஒரு துண்டு அறுத்த ஒடனே வாளு ஒடிஞ்சு போச்சு. எனக்க மச்சினன் ஞானமுத்து மத்த நுனிய உலையில சூடு காட்டி உளியால வெட்டிருக்கான். நேத்துதான் வாய் தவறிச் சொன்னான். சூடு பட்டா இரும்பு இளகிரும். அந்தத் துண்டுலதான் நான் கல்லு போட்டேன். உம்ம கையில இருக்கதுதான் வாளால அறுத்தது. அதத் தாரும். ஊரக் கூட்டி வச்சு எண்ணைத் திருத்தித் தாறேன்."

"வேலையத் திருத்தித் தருவீரா?" என்று கேட்டேன்.

நான் கதவைச் சாத்தினேன்.

ஒரு மனிதன் தானே வந்து தன் தப்பை ஒத்துக்கொள்வதைப் போல எனக்குத் தோதான விஷயம் வேறு என்ன? மறுநாள் முதல் அதை நான் எல்லாரிடமும் சொன்னேன். அவரும் மறைக்கவில்லை, போகிற விழாவிலெல்லாம் முதல் காரியமாக அதைத்தான் சொன்னார். அப்படித்தான் சூட்டுக்கம்பி என்ற பேர் விழுந்தது. எனக்கோ 'பாவம் தாணு' என்ற பேர். சொல்லவே கூசுகிறது, அந்தப் பேர் எனக்குப் பிடித்துப்போயிற்று. வயல் பங்கில் அண்ணன்மார் விட்டுக்கொடுத்தது அந்தப் பேரால்தான். கடையில் போய் உட்கார்ந்தால் யாராவது அந்தக் கதையைக் கேட்பார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன்.

மறு வருஷம் அவர் ஒரு காரியம் செய்தார். வைஸ், குழாய், பலகை, கற்கள் எல்லாவற்றையும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி, சாட்சிக்கு இரண்டு பேரையும் உட்காரவைத்து, காலையில் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். தெருவே கூடிவிட்டது.

"நீரு மயிலாடிக்கு வரவேண்டாம். நானே எல்லாத்தையும் கொண்டாந்தாச்சு. துண்ட மட்டும் எடுத்துட்டு வாரும்."

நான் உள்ளேயே இருந்தேன். அவர் வண்டி நிழலில் உட்கார்ந்தார். உச்சிப் பொழுதாகியும் போகவில்லை. என் மனைவி பகவதி அவருக்கு மோர் கொண்டு கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சண்டை போட்டாள்.

"அந்த மனுசன் மொகத்தப் பாக்க முடியல்ல. ஒரு சாண் இரும்பு. எடுத்துக் குடுத்தா என்ன கொறஞ்சு போவுது?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா கெட" என்றேன்.

அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான். மறுபடியும் பதினொன்று வந்துவிட்டால் நான் யார் என்ற பயம் எனக்கு அன்றைக்கே இருந்தது. அதைக் கோபம் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். சாயங்காலம் வண்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அதோடு அவர் கல் தொங்கவிடுவதையே விட்டுவிட்டார். ஒருசிலர் கேலிக்காகக் கூப்பிட்டார்கள், ஒருசிலர் உண்மையாகவே கூப்பிட்டார்கள். இரு தரப்புக்கும் ஒரே பதில்தான். "ஒரு எண்ணு தீராமக் கெடக்கு. அது தீராம இன்னொண்ணு சொல்ல எனக்கு வாய் வரல்ல." கற்கள் பட்டறைக்கு வெளியே மழையில் கிடந்தன. கடைசியாக நான் அவரைப் பார்த்தது போன மார்கழியில், சுசீந்திரம் தேரோட்டக் கூட்டத்தில். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும், துண்டைத் தருவீரா என்ற வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "மக்கா, அந்தத் துண்டுக்கு எண்ணெ போட்டு வையும். துரு தின்னா எண்ணு கொறஞ்சு போவும். உமக்குத்தான் நட்டம்" என்றார். நான் நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, துண்டைத் துடைத்து எண்ணெய் போட்டேன்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் அதை எடுத்துக்கொண்டு மயிலாடிக்குப் போனேன். பட்டறையில் ஞானமுத்துவும் மாசிலாமணியின் மனைவி எஸ்தரம்மாவும் இருந்தார்கள். துண்டைப் பார்த்ததும் ஞானமுத்து வெளியே போய்க் கற்களைக் கழுவி எடுத்து வந்தார். வாளால் அறுத்த முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைஸில் இறுக்கினார். நான் முதுகைக் காட்டி நின்றேன். எட்டு வருஷமும் நான் சொல்லிவந்த பதினாலு வரட்டும், அதைச் சொல்லி அழுதுவிட்டாவது போவோம் என்று நின்றேன்.

ஞானமுத்து எண்ணினார். ஒன்பது. பத்து. பதினொன்று. குழாய் கோட்டைத் தாண்டிச் சாய்ந்தது.

ஞானமுத்து துண்டைக் கழற்றி என் கையில் தந்தபடி சொன்னார். "சூடு பட்டதால ஒண்ணும் ஆவல்ல. கம்பியே இளக்கமான கம்பிதான். அத்தான் அண்ணைக்குச் சொன்னது சரிதான்."

எஸ்தரம்மா என் பக்கம் திரும்பினார். "சரியாத்தான் சொன்னாரா?" என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னார் என்றேன். "ராத்திரி பாதியில எழும்பி இருந்து, ஒருத்தன் சோத்துல மண்ணப் போட்டுட்டேனேன்னு சொல்லுவாரு. இத அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டார்.

வளைந்த துண்டை அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "அது உம்ம கையிலயே இருக்கட்டும்" என்றார். இப்போது இதை எழுதுகிற மேசைமேல் அது கிடக்கிறது. மாசிலாமணியிடமிருந்து எனக்கு மிச்சம் அது ஒன்றுதான். அவரைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் இனி எங்கே பேசினாலும் பதினொன்று என்றே சொல்லுங்கள். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்பதற்குச் சாட்சி எட்டு வருஷமும் என் பெட்டியில் இருந்தது. செய்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டே அவர் போய்விட்டார்.