மெழுகாத சுவரே என் நேர்த்தி

என் மகள் மலர் ஆறு வயதில் சாகக் கிடந்தாள். காரணம் நான்தான். அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டே அவளைப் பாதி சாகவிட்டேன். ஆகவே, எங்கள் பிள்ளையாரின் அடியார்களாகிய உங்கள் முன்னால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். சாவகச்சேரிக்குக் கிழக்கே எங்கள் கிராமம். மண்சுவர் வீடு, ஓலைக் கூரை. என் கணவர் வயல் செய்ய வன்னிக்குப் போய்வருவார். அப்படிப் போனவர்களில் சிலர் நெல்லோடு மலேரியாவையும் கொண்டுவந்தார்கள். அதனால் மார்கழியில் வீட்டுக்கு வீடு சுவருக்கு மருந்தடித்தார்கள்.

மாட்டுவண்டில் ஓட்டுகிற பரமு அண்ணைதான் ஊரின் மலேரியாத் தொண்டர். சம்பளமில்லாத வேலையைத் தானாகத் தலையில் போட்டுக்கொண்ட மனிசன். வீட்டு வாசல்தோறும் படலை படலையாகப் போய்ச் சொன்னார்.

“பிள்ளை, இரத்தம் குடிச்ச நுளம்பு வந்து சுவரிலைதான் குந்தும். மருந்து சுவரிலை கிடந்தால்தான் அது சாகும். பொங்கலெண்டு மெழுகிப்போடாதை.”

“ஓம் அண்ணை” என்றேன். ஆனால் பொங்கலுக்கு மெழுகாத வீடு எங்கேயாவது உண்டா? மருந்து வெள்ளை வெள்ளையாய் ஒழுகிக் காய்ந்த சுவரைப் பார்க்கவே அரியண்டமாக இருந்தது. மண்ணும் சாணியும் குழைத்து நாலு சுவரையும் வழுவழுவென்று மெழுகினேன். அயலட்டையில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள்.

மாசியில் மலருக்குக் குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள். கண்ணூறு என்று நூல் கட்டினேன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். மூன்றாம் முறை காய்ச்சல் காய்ந்தபோது அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இது மலேரியா என்று என் மனதுக்கு முதல் நாளே தெரியும். ஆனால் பரமு அண்ணையைக் கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பாரே! அந்த ஒரு வெட்கம்தான் என் வாயைக் கட்டியது.

கணவரோ வன்னியில். பக்கத்து வீட்டு இராசம் அக்காவைப் பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். தலையில் குட்டிக் குட்டி அழுதேன்.

“அப்பனே, பிள்ளையைத் தா. இனி மருந்தடிச்ச சுவரிலை பொங்கலெண்டாலும் கை வைக்கமாட்டன். இது என்ரை நேர்த்தி.”

காவடியுமில்லை, நூற்றெட்டுத் தேங்காயுமில்லை. வேறொன்றும் வாயில் வரவில்லை.

திரும்பி வந்தால் படலையடியில் பரமு அண்ணை நிற்கிறார்! கையில், இரத்தம் எடுக்கிற கண்ணாடித் துண்டுகள் வைத்த தகரப் பெட்டி. மலர் பள்ளிக்கூடம் வரவில்லை என்று கேள்விப்பட்டு வந்தாராம். உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

“சுவரைப் பிறகு பாப்பம். பிள்ளையின்ரை விரலைக் காட்டு.”

ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார். குளிசை விழுங்கக் கொடுத்தார், சத்தியெடுத்தாள். பொறுத்திருந்து மறுபடி கொடுத்தார், அதுவும் வயிற்றில் நிற்கவில்லை. “இனி மினக்கெடேலாது, வெளிக்கிடு பிள்ளை” என்று தன் வண்டிலிலேயே சாவகச்சேரி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். நாலாம் நாள் மலர் கண் திறந்து, “அம்மா, பசிக்குது” என்றாள். நான் அழுத அழுகை பிள்ளையாருக்குத் தெரியும்.

அடுத்த மார்கழியிலும் மருந்தடித்தார்கள். பொங்கல் வந்தது. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீடுகளில் என் வீட்டுச் சுவர் மட்டும் தேமல் விழுந்த முகம் மாதிரி இருந்தது. செத்தவீட்டுக்காரர்தான் பொங்கலுக்கு மெழுகாமல் விடுவார்கள். இராசம் அக்கா சிரித்துக்கொண்டு கேட்டார், “என்னடி, வீட்டிலை துடக்கோ?”

“இல்லையக்கா. நேர்த்தி.”

சிரிப்பு நின்றுவிட்டது. மருந்தென்றால் ஆயிரம் நியாயம் பேசுவார்கள். நேர்த்திக்கு எங்கள் ஊரில் எதிர்க்கதை கிடையாது. அக்கா முற்றத்தில் ஓடித் திரிந்த மலரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மறுவருடம் தானும் நேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒழுங்கை முழுவதுமே தேமல்தான்.

“நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்கேல்லை. உன்ரை பிள்ளையார் செய்துபோட்டார்” என்றார் பரமு அண்ணை.

“உங்களை அனுப்பினதும் அவர்தானே அண்ணை” என்றேன்.

அந்த வருடமே நானும் தொண்டராகப் பெயர் கொடுத்தேன். இன்று மலர் என்னைவிட வளர்ந்துவிட்டாள். நானோ இன்னமும் தகரப் பெட்டியோடு படலை படலையாகத் திரிகிறேன்.

அடியார்களே, மனம் உருகிக் கேளுங்கள். பிள்ளையார் ஆளை அனுப்புவார். வருகிற ஆளுக்குப் படலையைத் திறந்துவிடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் அன்றைக்கே என்னைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுச் சுவரை நான் பார்க்கமாட்டேன்.