சாட்டு முடியும்வரை வலி வரவில்லை

மதுரையில் போன சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்கு வயிற்றுவலி தொடங்கியது. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழியும். சற்று விடும். மறுபடி வரும். ஆடி பிறப்பதற்குள் ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றும் தெரியவில்லை. ஆவணியில் ஒரு டாக்டர் மனக்கவலை என்றார். நானோ கிடைத்த மருத்துவ நூல்களையெல்லாம் படித்துவிட்டுப் புற்றுநோய்தான் என்று முடிவு கட்டினேன். மகள் கல்லூரியில் முதலாண்டு. அவளைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வந்தது.

ஐப்பசியில், வயிற்றில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்க நாள் குறித்தார்கள். அதற்கு முன் முத்தாலம்மனைக் கும்பிட்டுவிட்டு அன்றே திரும்பலாமென்று, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, சோழவந்தான் பக்கமுள்ள எங்கள் ஊருக்குப் போனேன். சன்னிதியில் குணமாக்கு என்று கேட்க வாய் வரவில்லை. "என்னன்னு மட்டும் காட்டிரு தாயே" என்றேன்.

கிளம்பும் நேரத்தில் கொட்டுச் சத்தம். கொட்டடித்துத் திருவிழாவை அறிவித்து, சாமி சாட்டிவிட்டார்கள். சாட்டியபின் ஊரில் இருப்பவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. அடுத்த வாரம்தான் சாட்டு என்று நினைத்திருந்தேன். நாள் கிழமையில் நான் தவறுகிறவன் அல்ல, அன்று தவறினேன்.

"ஆஸ்பத்திரி எங்கடா ஓடிப்போகுது? ஆத்தா இருன்னுட்டா, பேசாம இரு" என்றாள் அக்கா. மருத்துவமனையில் நாளைத் தள்ளிவைக்கச் சொன்னேன்.

அக்கா வீட்டில் தங்கிய முதல் நாளன்று, ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எவர்சில்வர் ஏனத்துல வச்ச ரசம் தொரைக்கு எறங்கலையாக்கும்? மதுரையில ஈயச்சொம்பு ரசமுல்ல!" என்று சிரித்தாள்.

வலி மெல்லக் குறைந்தது. திருவிழாவில் முளைப்பாரி எடுத்த அன்று அறவே இல்லை. வீடு திரும்பிய வாரமே மறுபடி பிடித்துக்கொண்டது.

டாக்டரிடம் சொன்னேன். "ஊர்ல சாப்பிடாம இங்க மட்டும் என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். அக்காவின் கேலி காதில் ஒலித்தது. ஈயச்சொம்பு! சித்திரைத் திருவிழாக் கடையில் என் மனைவி ஆசையாக வாங்கியது. அதில் வைக்கும் ரசத்தை வீட்டில் நான் ஒருவன்தான் குடிப்பேன், அதுவும் டம்ளர் டம்ளராக.

இதைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரத்தத்தைச் சோதித்தார்கள், காரீய நஞ்சு. நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. எங்களுடையதில் காரீயம் கலந்திருந்தது. புளியும் சூடும் அதைக் கரைத்து எனக்குள் இறக்கியிருக்கின்றன. புற்றுநோய் இல்லை. துளை போட வேண்டியதில்லை. சொம்பை ஒதுக்கிவிட்டு மாத்திரை எடுத்தால் போதும். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து தேம்பினேன்.

"இம்புட்டு நாளும் நானா ஊத்திக் குடுத்தேன்?" என்று மனைவி கலங்கினாள்.

"நீ ஒரு டம்ளர்தான் ஊத்துன. ரெண்டாவது நானா கேட்டு வாங்குனது" என்றேன். அழுகையோடு சிரித்துவிட்டாள்.

தை பிறந்தபோது வலி முற்றிலும் நின்றிருந்தது. வெள்ளித் தகட்டில் வயிற்று உருவம் வாங்கி அம்மன் காலடியில் வைத்தேன். முன்பெல்லாம் எதையும் படித்தே தெரிந்துகொள்ளலாம் என்றிருந்தேன். இப்போது கேட்கவும் கற்றிருக்கிறேன்.

காரணம் தெரியாத வலியோடு இதைப் படிக்கிறவர்களே, வைத்தியத்தை விடாதீர்கள். அம்மனிடமும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். போகிற வழியில் அவள் நிறுத்தினால் முகம் சுளிக்காமல் நில்லுங்கள். நான் கேட்டதை அவள் நிறுத்தித்தான் காட்டினாள்.