மதிலில் ஓர் அரசங்கன்று

வெள்ளை வேட்டியை விரித்து நான்கு முனைகளிலும் கல் வைத்த பிறகுதான் அழகம்மாள் அண்ணாந்து பார்ப்பார். திருமயம் கோட்டையின் வெளிமதிலுக்கும் அகழிக்கும் நடுவே, அந்த இடத்தில் ஓர் ஆள் நிற்கும் அகலம்தான் கரை. மேலே கன்று அறுக்கும்போது உதிர்வதெல்லாம் வேட்டியில் விழும். வெள்ளைப் பொடி என்றால் மேல்பூச்சு. செம்மண் என்றால் மதிலின் வயிறு, உள்கட்டே இளகுகிறது.

சேதுபதி காலத்து மதில். ஏழு சுற்றில் நான்கு மிச்சம் என்பார்கள். கீழே கருங்கல், உச்சியில் செங்கல். "பீரங்கிக்கு நின்ன செவரு, காக்கா எச்சத்துக்குப் பொளக்குது" என்பார் அழகம்மாள். காக்கை போட்ட விதையில் முளைக்கும் அரசங்கன்றை அறுத்து, அறுத்த வாயில் மருந்து பூச வேண்டும். வேர் உள்ளேயே சாக வேண்டும். பிடுங்கினால் கல்லும் கூட வரும். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை.

அன்று கயிற்றில் தொங்கியவர் அவருடைய கொழுந்தன் பிச்சைமுத்து. நான் அகழியின் எதிர்க்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மதினி, சுண்டுவெரல் தண்டிதான். இழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போவம்."

"அரிவாள எதுக்குக் குடுத்தேன், முதுகு சொறியவா? அறுப்பா."

பிச்சைமுத்து இழுத்துவிட்டார். வேட்டியில் முதலில் வெள்ளை விழுந்தது. அடுத்து ஈரச் செம்மண், ஒரு கை அளவு. அவர் நெஞ்சுக்கு நேராக ஒரு கல் வெளியே பிதுங்கியிருந்தது. அதற்கு மேலிருக்கும் செங்கல் வரிசையில் உரசிக்கொண்டுதான் கயிறு இறங்கியது.

அழகம்மாளின் குரல் தணிந்தது. "கயித்துல பாரம் குடுக்காத. காலால எறங்கு."

"கல்லு ஆடுது மதினி. ஒங்க மேல விழுந்துரும், தள்ளி நில்லுங்க!"

"தள்ளி நின்னா ஒங் காலு எனக்குத் தெரியாது. வலது காலு, ஒரு சாண் கீழ... பொந்து இருக்கா?"

"இருக்கு."

"எடது. அது பாசி, வேணாம். இன்னும் அங்கிட்டு."

எந்த இடுக்கில் எத்தனை விரல் நுழையும் என்பது அவருக்கு மனப்பாடம். தலைமுடியில் செம்மண் கொட்டியது. அவர் தட்டிவிடவில்லை.

கடைசி ஆள் உயரத்துக்கு வழுவழுவென்ற கருங்கல். பிச்சைமுத்துவின் கால் காற்றில் துழாவியது. அழகம்மாள் மதிலோடு ஒட்டி நின்று தோளைக் கொடுத்தார்.

"மிதி."

அண்ணன் பெண்டாட்டி மேல் கால் படுவதா? கால் விருட்டென்று மேலே போனது. "வேணாம் மதினி, குதிச்சிர்றேன்."

"குதிச்சா கயிறு இழுக்கும், கல்லு பேந்து வரும்."

மேலே கல் உரசும் சத்தம் எதிர்க்கரையில் நின்ற எனக்கே கேட்டது. அழகம்மாள் எட்டி அந்தப் பாதத்தைப் பற்றி, தன் தோளில் வைத்து அழுத்திக்கொண்டார்.